"எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" - ஹெச்.ஆர் கேட்கும் முன்பே தயாராக வேண்டிய பதில்!

2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் ஐ.பி.எல் ஏலம் நடந்தது. கட்டடக்கலை படித்து, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு கிரிக்கெட்டுக்குத் திரும்பிய தமிழ்நாட்டுச் சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தியின் பெயர் வந்தது. அவருடைய அடிப்படை விலை 20 லட்சம் ரூபாய். அணிகள் போட்டி போட, கடைசியில் கிங்ஸ் லெவன் பஞ்சாப் அவரை எடுத்தபோது விலை 8.4 கோடி ரூபாய். அடிப்படை விலையைப்போல 42 மடங்கு!

அந்தச் சில நிமிடங்களில் வருணின் பந்துவீச்சு 42 மடங்கு மேம்பட்டுவிடவில்லை. ஒரே ஓர் அணி மட்டும் கேட்டிருந்தால், அதே வருண் அதே திறமையோடு 20 லட்சத்துக்கே போயிருப்பார். விலையை ஏற்றியது, "எங்களுக்கும் வேண்டும்" என்று எழுந்த அடுத்தடுத்த கைகள். அந்தக் கைகளை எழ வைத்தது, அதே ஆண்டு டி.என்.பி.எல் தொடரில் மதுரை அணிக்காக அவர் வீசிய ஓவர்கள். ஏலம் நடந்த நேரத்தில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை.

வேலைச் சந்தையிலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். ஆனால், "சம்பளம் பேசத் தெரிய வேண்டும்" என்றாலே பலரும் அதை வாய்ச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தமக்கு வராது என்று ஒதுங்கியும் விடுகிறார்கள். நான்கு ரவுண்டு இன்டர்வியூவில் அசராமல் பதில் சொன்னவர்கூட, கடைசியில் ஹெச்.ஆர் போன் செய்து, "உங்க எக்ஸ்பெக்டேஷன் என்ன?" என்று கேட்டதும், "உங்க கம்பெனி ஸ்டாண்டர்டுபடி பார்த்துப் பண்ணுங்க மேடம்" என்று முடித்துவிடுகிறார். வீட்டிலும், "கிடைச்சதே பெருசு, பேரம் பேசிக் கெடுத்துக்காதே" என்கிறார்கள்.

அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கையில் எந்தப் பிடியும் இல்லாமல் பேரம் பேசினால் கெட்டுப்போகத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் பேச்சுக்குப் பழகும் முன், பிடியை உருவாக்க வேண்டும்.

பிடி என்றால் என்ன?

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சுவார்த்தைக் கலையை ஆராய்ந்த ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-ல் 'கெட்டிங் டு யெஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். வணிகக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகச் சொல்லப்படும் அந்தப் புத்தகத்தின் மையமான கேள்வியை நம் பேச்சில் சொன்னால் இவ்வளவுதான்: 'இது இல்லைன்னா வேற என்ன?'

இந்தக் கேள்விக்கு யாரிடம் நல்ல பதில் இருக்கிறதோ, அவர் பக்கம் பலம் இருக்கிறது. கோயம்பேடு மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்கு நடக்கத் தயாராக இருக்கும் வாடிக்கையாளருக்குத்தான் விலை குறைகிறது. அதே வாடிக்கையாளர் கடைசிக் கடையில், கடைசிக் கட்டுக் கீரையின் முன் நின்றால், கடைக்காரர் சொன்னதே விலை.

இதே கேள்வி நிறுவனத்துக்கும் உண்டு. இந்த ஆள் வரவில்லை என்றால் அவர்களுக்கு வேறு என்ன வழி? அந்த இடம் மூன்று மாதமாகக் காலியாக இருக்கிறதா? புராஜெக்ட் அடுத்த மாதம் தொடங்க வேண்டுமா? இரண்டாவது இடத்தில் வேறொருவர் தயாராக இருக்கிறாரா? இன்டர்வியூவின்போதே, "இந்த பொசிஷன் புதுசா, இல்ல ஒருத்தர் விட்டுப்போன இடமா? எப்போ ஜாயின் பண்ணணும்னு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டால், இந்தப் பதில்களில் பாதி தானாக வந்துவிடும்.

சந்தையின் நிலவரமும் பிடியைக் கூட்டும், குறைக்கும். கொரோனாவுக்குப் பிறகு ஐ.டி துறையில் ஆட்களுக்கு அடிதடி நடந்த நேரத்தில், 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் 28.4 சதவிகிதம். 2023 அக்டோபர்-டிசம்பர் காலாண்டில் அது 12.9 சதவிகிதமாக இறங்கிவிட்டது. முதல் காலகட்டத்தில் கேட்டதெல்லாம் கிடைத்த அதே இன்ஜினீயருக்கு, ஒன்றரை ஆண்டு கழித்து போன்கூட வரவில்லை. நண்பருக்கு 2022-ல் கிடைத்த உயர்வை மனதில் வைத்துக்கொண்டு இன்று பேசினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முதல் பிடி: இன்னொரு வாய்ப்பு

வேலையில் இருக்கும்போதே வேலை தேட வேண்டும் என்பது பழைய அறிவுரை. அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று இடங்களில் தேட வேண்டும். ஜனவரியில் ஒரு கம்பெனி, அது தவறினால் மார்ச்சில் இன்னொன்று என்று ஒவ்வொன்றாகப் போனால், ஒவ்வொரு முறையும் கையில் ஒரே ஓர் ஆஃபர்தான் இருக்கும். பேச்சுவார்த்தைகள் ஒரே இரண்டு, மூன்று வாரத்துக்குள் முடியும்படி விண்ணப்பித்தால்தான் ஒப்பிட முடியும்.

ஒன்று முந்திக்கொண்டால் நேரம் கேட்கலாம். அதை இப்படிச் சொல்லலாம்:

"மேடம், உங்க ஆஃபர்ல எனக்கு விருப்பம் இருக்கு. இன்னொரு இடத்துலயும் கடைசி ரவுண்டு முடிஞ்சிருக்கு. அவசரப்பட்டு சரின்னு சொல்லிட்டுப் பின்னாடி மாத்திப் பேச எனக்குப் பிடிக்கலை. வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுக்க முடியுமா?"

இதில் மிரட்டல் இல்லை, பொய்யும் இல்லை. 'இவரை வேறு யாரோ எடுத்துவிடலாம்' என்ற செய்தி மட்டும் போய்ச் சேர்ந்துவிடும்.

பொய் ஏன் கூடாது என்பதற்கு நடைமுறைக் காரணமே போதும். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொன்னால், "அந்த லெட்டரை அனுப்புங்க, மேட்ச் பண்றோம்" என்பார்கள். சம்பளத்தைக் கூட்டிச் சொன்னால் பே ஸ்லிப், படிவம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் ஆகியவை காட்டிக்கொடுத்துவிடும். எந்த நிறுவனத்தில் எப்போது வரை இருந்தார் என்பது பி.எஃப் கணக்கின் யு.ஏ.என் எண்ணிலேயே பதிவாகியிருக்கிறது. சேர்ந்த பிறகு நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டினால், புதிய வேலையும் போய், பழைய வேலையும் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், நோட்டீஸ் பீரியட். 60 முதல் 90 நாள் என்பது பல நிறுவனங்களில் சாதாரணம். இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. 'உடனே சேரக்கூடியவர்' என்பதற்கே நிறுவனங்கள் கூடுதலாகத் தரத் தயாராக இருக்கும். அதற்காக கையில் எதுவும் இல்லாமல் ராஜினாமா செய்துவிட்டுத் தேடுவது, கீரைக்கட்டோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கும் வியாபாரியின் நிலைக்குத் தள்ளிவிடக்கூடும். நோட்டீஸ் நாள்களைப் பணம் கட்டிக் குறைக்க இப்போதைய நிறுவனம் சம்மதிக்குமா, அந்தப் பணத்தைப் புதிய நிறுவனம் தருமா என்பதையும் ஆஃபர் பேசும்போதே கேட்டுவிட வேண்டும்.

இரண்டாவது பிடி: தகவல்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள குட்இயர் டயர் தொழிற்சாலையில் 1979-ல் வேலைக்குச் சேர்ந்தவர் லில்லி லெட்பெட்டர். சூப்பர்வைசர் வேலை. ஓய்வுபெறும் வயதை நெருங்கியபோது, பெயர் போடாத ஒரு துண்டுச்சீட்டு அவருக்குக் கிடைத்தது. அவரோடு அதே வேலை பார்த்த ஆண்களின் சம்பளம் அதில் இருந்தது. வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, 1997-ன் இறுதியில் அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே வேலையில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர், அதிகமாக வாங்கியவருக்கு 5,236 டாலர்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 'புகார் கொடுக்க வேண்டிய 180 நாள் கெடு எப்போதோ முடிந்துவிட்டது' என்று 2007-ல் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. தெரியாத ஒன்றுக்கு எப்படி அப்போதே புகார் கொடுத்திருக்க முடியும் என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. 2009 ஜனவரியில் அவர் பெயரிலேயே ஒரு சட்டத்தில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். ஆனால், இழந்த பணம் லெட்பெட்டருக்குக் கிடைக்கவே இல்லை.

'பெண்ணிடம் வயதையும் ஆணிடம் சம்பளத்தையும் கேட்காதே' என்பார்கள். இந்த நாகரிகத்தால் அதிகம் பயனடைவது சம்பளம் கொடுப்பவர்தான். யார் யாருக்கு எவ்வளவு என்பது அவருக்கு மட்டுமே தெரியும். எனவே, கேட்கும் விதத்தை மாற்றிக்கொள்ளலாம். "உனக்கு எவ்வளவு சம்பளம்?" என்றால் நண்பர் நெளிவார். "நாலு வருஷ அனுபவம் இருக்கறவங்களுக்கு உங்க ஆபீஸ்ல எவ்வளவுல இருந்து எவ்வளவு வரைக்கும் கொடுக்கறாங்க?" என்றால் தயங்காமல் சொல்வார். அந்த நிறுவனத்தைவிட்டு வெளியே வந்த சீனியர்கள் இன்னும் வெளிப்படையாகப் பேசுவார்கள். வேலைக்கு ஆள் எடுத்துத் தரும் கன்சல்டன்சிக்காரரிடம், "இந்த ரோலுக்கு பட்ஜெட் என்ன சார்?" என்று நேராகக் கேட்கலாம். பலர் சொல்லிவிடுவார்கள்.

தகவல் கையில் இருந்தால், ஹெச்.ஆர் கேட்கும் இன்னொரு கேள்வியையும் சமாளிக்கலாம்: "இப்போ வாங்கற சி.டி.சி எவ்வளவு?" அதன்மேல் 20, 30 சதவிகிதம் சேர்த்துக் கொடுப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. முதல் வேலையில் குறைவாகச் சேர்ந்தவரை அந்தக் குறை ஒவ்வொரு வேலையிலும் துரத்துவது இதனால்தான். ஆஃபர் தருவதற்கு முன் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-லேயே சட்டம் இயற்றியது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. எனவே, உண்மையைச் சொல்லிவிட்டு, பேச்சை வேலையின் மதிப்புக்குத் திருப்ப வேண்டும்.

"இப்போ 5 லட்சம் வாங்கறேன் சார். அது படிச்சு முடிச்சதும் சேர்ந்த வேலை. இந்த ரோலுக்கு மார்க்கெட்ல 8-ல இருந்து 9.5 வரைக்கும் போகுது. அந்த ரேஞ்ச்லதான் மத்த இடங்கள்லயும் பேசிட்டிருக்கேன்."

எண்ணை முதலில் சொல்வதில் ஒரு நன்மையும் உண்டு. உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனையை விவரித்தார்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, பிறகு ஐ.நா சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவிகிதம் என்று ஊகிக்கச் சொன்னார்கள். சக்கரம் 10-ல் நின்றதைப் பார்த்தவர்களின் நடுத்தர ஊகம் 25. சக்கரம் 65-ல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அது 45. சம்பந்தமே இல்லாத எண்கூட மனதை இழுக்கும் என்றால், காரணத்தோடு சொல்லப்படும் எண் எவ்வளவு இழுக்கும்! ஆனால், சந்தை விலை தெரிந்தவர் மட்டுமே முதலில் சொல்ல வேண்டும். தெரியாமல் குறைவாகச் சொல்லிவிட்டால் நாமே நம்மைக் கட்டிப்போட்டது போலாகும்.

50,000 ரூபாயின் பத்து வருடக் கதை

ஒருவருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ஆஃபர் வருகிறது. இன்னொருவர் அதே வேலைக்குக் கேட்டுப் பேசி 5.5 லட்சம் வாங்குகிறார். இருவருக்கும் ஆண்டுதோறும் 8 சதவிகிதம் உயர்வு என்று வைத்துக்கொண்டால், பத்து ஆண்டுகளில் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் சுமார் 7.24 லட்சம் ரூபாய். அந்தப் பத்து நிமிட போன் பேச்சின் விலை இது.

சி.டி.சி-யைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதும் இதே அளவு நஷ்டம். 8 லட்சம் என்றதும், மாதம் 66,000 ரூபாய் வரும் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். அதில் பேசிக் 4 லட்சம், வேரியபிள் 10 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளலாம். வேரியபிளுக்கு 80,000, நிறுவனத்தின் பி.எஃப் பங்கு (முழு பேசிக்கில் 12%) 48,000, கிராஜுவிட்டி (4.81%) 19,240, மருத்துவக் காப்பீட்டுக்கு 12,000 என்று கழித்தால் மீதி 6,40,760 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 53,400. அதிலிருந்து ஊழியரின் பி.எஃப் பங்கு 4,000 போனால், கைக்கு வருவது 49,400 ரூபாய் அளவுதான். தொழில் வரி தனி.

வேரியபிள் இல்லாத 7.6 லட்சம், 15 சதவிகித வேரியபிள் உள்ள 8 லட்சத்தைவிட மாதாமாதம் அதிகம் தரும். "கடந்த ரெண்டு வருஷம் வேரியபிள் எத்தனை சதவிகிதம் கொடுத்தீங்க?" என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

பழைய நிறுவனத்தில் விட்டுவிட்டு வருவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பேசிக் 40,000 ரூபாய் வாங்குபவர் 5 ஆண்டுகள் முடித்தால் கிராஜுவிட்டி சுமார் 1.15 லட்சம் வரும். அதற்குச் சில மாதங்களே இருக்கும்போது கிளம்பினால், அந்தப் பணம் கைவிட்டுப் போகலாம். "இதை ஜாயினிங் போனஸா ஈடுகட்ட முடியுமா?" என்பது நியாயமான கேள்வி. பதில் 'முடியும்' என்றால், ஓராண்டுக்குள் விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டுமா என்பது அடுத்த கேள்வி.

மூன்றாவது பிடி: வங்கிக் கணக்கு

பிடிகளில் மிகவும் சாதாரணமானது இதுதான். பெரும்பாலான குடும்பங்களில் இல்லாததும் இதுதான். ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வைத்திருப்பவர், குறைவான ஆஃபரை நிதானமாக மறுக்க முடியும். வரும் 5-ம் தேதி வீட்டுக் கடன் தவணைக்குப் பணம் இல்லாதவர், எதைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். எதிரில் இருப்பவருக்கு வங்கி இருப்பு தெரியாது. ஆனால், குரலில் இருக்கும் அவசரம் தெரிந்துவிடும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், பெற்றோரின் மருத்துவச் செலவு, வீட்டுக் கடன் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும் வயது அது. அப்போது நிறுவனம் ஆள்குறைப்பு செய்தால், தேடும் காலம் இளைஞர்களைவிட நீளலாம். "சம்பளம் நின்னா வீடு எத்தனை மாசம் தாங்கும்?" என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டுப் பார்ப்பது, வேலை பேரத்தின் முதல் படி. ஆஃபர் லெட்டர் வந்த கையோடு, அந்தச் சம்பளத்தைக் காட்டிப் பெரிய கார் லோன் வாங்குவது, உருவாக்கிய பிடியைத் தானே அவிழ்த்துவிடும் வேலை.

இதோடு சேர்ந்த இன்னொன்று, அசல் சான்றிதழ்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவது வேறு. 'இரண்டு வருஷம் எங்களிடமே இருக்கட்டும்' என்று சில இடங்களில் வாங்கி வைத்துக்கொள்வது வேறு. சான்றிதழைக் கொடுத்துவிட்டால், அடுத்த வேலைக்குப் போகும் வாய்ப்பையே அடகு வைத்ததாகிவிடும். பாண்டு கேட்டால் எத்தனை மாதம், விலகினால் எவ்வளவு, எந்தப் பயிற்சிக்காக என்பதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது.

பெண்கள் கேட்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

'பெண்கள் சம்பளம் கேட்கத் தயங்குகிறார்கள்' என்பது நீண்டகாலமாகச் சொல்லப்படுவது. லிண்டா பாப்காக், சாரா லாஷெவர் இருவரும் 2003-ல் எழுதிய 'விமன் டோன்ட் ஆஸ்க்' புத்தகம் இதை உலக அளவில் விவாதமாக்கியது. ஆனால், கதையின் மறுபாதி பின்னர் வந்தது. ஹன்னா ரைலி போல்ஸ், பாப்காக் உள்ளிட்டோர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் கேட்கும் பெண்ணோடு சேர்ந்து வேலை செய்ய மற்றவர்கள் தயங்குவதும், அதே அளவு கேட்கும் ஆணுக்கு அந்தத் தண்டனை குறைவாக இருப்பதும் தெரிந்தது. அதாவது, பெண்களின் தயக்கம் வெறும் கூச்சம் அல்ல. கேட்டால் என்ன ஆகும் என்பதை அனுபவத்தில் அறிந்த எச்சரிக்கை அது.

அதனால்தான் எண்ணும் ஆதாரமும் பெண்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. "எனக்கு இவ்வளவு வேணும்" என்பதைவிட, "இந்தப் பொறுப்புக்கு வெளியே இதுதான் ரேஞ்ச். அதுக்குள்ள வந்தா நான் முழு மனசோட சேர முடியும்" என்பது எடுபடும்.

குழந்தை பிறந்து மூன்று, நான்கு ஆண்டுகள் இடைவெளிக்குப் பிறகு திரும்புபவரிடம், "பிரேக் எடுத்திருக்கீங்களே" என்று சொல்லியே சம்பளத்தைக் குறைப்பார்கள். சம்பளம் செய்யப்போகும் வேலைக்கு என்பதை நினைவூட்டலாம். முடியாவிட்டால், "இப்போ இதுக்குச் சேர்றேன். ஆறு மாசத்துல ரிவ்யூ பண்ணி இந்த ரோலோட ரேஞ்சுக்குக் கொண்டு வருவீங்கன்னு ஆஃபர் லெட்டர்ல எழுதிக் கொடுங்க" என்று கேட்கலாம். எழுத்தில் இல்லாத வாக்குறுதி, அதைக் கொடுத்த மேனேஜர் மாறியதும் மறைந்துவிடும்.

சட்டம் கொடுத்த உரிமையைச் சலுகைபோலக் காட்டி, அதற்குப் பதிலாகச் சம்பளத்தைக் குறைப்பதையும் கவனிக்க வேண்டும். 2017-ம் ஆண்டு திருத்தப்படி, தகுதியுள்ள பெண் ஊழியருக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும். இவை பேரப் பொருள்கள் அல்ல.

இருக்கும் இடத்திலேயே கேட்பது எப்படி?

எல்லோரும் கம்பெனி மாற முடியாது. அப்ரைசல் நேரத்தில் கேட்பவர்கள் செய்யும் பொதுவான தவறு, லெட்டர் கைக்கு வந்த பிறகு கேட்பது. அதற்குள் பட்ஜெட் பிரிக்கப்பட்டிருக்கும். ஏப்ரலில் உயர்வு வரும் நிறுவனம் என்றால், டிசம்பர், ஜனவரியிலேயே மேனேஜரிடம் பேசியிருக்க வேண்டும்.

கையோடு எடுத்துப்போக ஒரு பக்கம் போதும். இந்த ஆண்டு செய்தது என்ன, அதனால் மிச்சமான நேரம் அல்லது பணம் எவ்வளவு, புதிதாகச் சேர்ந்த பொறுப்பு எது, வாடிக்கையாளர் பாராட்டி அனுப்பிய மெயில் ஏதாவது உண்டா? இதை ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நான்கு வரி எழுதி வைப்பவருக்கு, ஆண்டு இறுதியில் நினைவைத் துழாவ வேண்டியதில்லை. 'வீட்டு வாடகை ஏறிவிட்டது' என்பது உண்மையான கஷ்டமாக இருந்தாலும், மேனேஜர் தன் மேலதிகாரியிடம் அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. அவர் மேலே எடுத்துச் சென்று வாதாடக் கூடிய காரணத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

வெளி ஆஃபரைக் காட்டி உள்ளே உயர்வு வாங்குவது இன்னொரு வழி. இதை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். அதுவும், "சரி, போய்ட்டு வாங்க" என்று சொன்னால் உண்மையிலேயே கிளம்பத் தயாராக இருப்பவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். தங்கச் சொல்லிக் கூட்டிக் கொடுத்தாலும் ஒரு கேள்வியை யோசிக்க வேண்டும்: கிளம்ப நினைத்த காரணம் சம்பளம் மட்டும்தானா? மேனேஜரின் குணமோ, வளர்ச்சியே இல்லாத வேலையோ காரணமாக இருந்தால், உயர்வு அதைச் சரிசெய்யாது.

தனியாகக் கேட்க முடியாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் சந்தையில் தேவை இருக்கும் வேலைகளுக்குப் பொருந்தும். ஜவுளிக்கடை விற்பனையாளர், சிறிய தனியார் பள்ளி ஆசிரியை போன்றவர்கள் தனியாகக் கேட்டால், "வெளியே பத்துப் பேர் நிக்கறாங்க" என்ற பதில் தயாராக இருக்கும். அங்கே பிடி எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

கோடிகளில் புரளும் டி.வி உலகிலும் இதே கதைதான். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் ஆறு நடிகர்கள் 1996 முதல் தனித்தனியாகப் பேசாமல் சேர்ந்தே சம்பளம் பேசினார்கள். ஒருவரை மாற்றலாம், ஆறு பேரை மாற்றினால் தொடரே இல்லை. கடைசி இரண்டு சீசன்களில் ஆறு பேருக்கும் எபிசோடுக்குத் தலா 10 லட்சம் டாலர் கிடைத்தது.

நம் பக்கத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் கேட்டது இன்னும் எளிமையானது: உட்கார ஒரு நாற்காலி. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த அவர்கள் கோழிக்கோட்டில் தொடங்கிய போராட்டம், 2018-ல் கேரளாவில் சட்டத் திருத்தமானது. 2021-ல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. ஒரு பெண் தனியாக முதலாளியிடம் கேட்டிருந்தால், அன்றே வேலை போயிருக்கக் கூடும்.

பிடியே இல்லாதபோது...

கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வான மாணவருக்குப் பேரம் பேச இடமே இருக்காது. ஒரே பேக்கேஜ் எல்லோருக்கும். ஓர் ஆஃபர் கிடைத்தால் அடுத்த கம்பெனிக்கு உட்கார விடாத கல்லூரிகளும் உண்டு. அங்கே செய்ய வேண்டியது, சேர்ந்துவிட்டு அடுத்த ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் பிடியை உருவாக்குவது. எந்த டீமில் சேர்ந்தால் வெளியே மதிப்புள்ள வேலை கற்கலாம் என்று பார்ப்பது, 3,000 ரூபாய் உயர்வைவிட அந்த வயதில் பெரியது.

வேலை இழந்து தேடுபவருக்கும் பிடி குறைவுதான். அவர் பணத்தில் கேட்க முடியாததை வேறு வடிவத்தில் கேட்கலாம்: சேரும் தேதி, வேலை செய்யும் ஊர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, தேர்வுக் கட்டணம், ஆறு மாத ரிவ்யூ. நிறுவனத்துக்கு இவை பெரிய செலவு வைக்காதவை என்பதால், கிடைக்க வாய்ப்பு அதிகம்.

காரணத்தோடு, பணிவாக, ஒருமுறை கேட்டால் பெரும்பாலும், "இதுக்கு மேல முடியாதுங்க" என்பதுதான் வரக்கூடிய மோசமான பதில். ஆனால், ஒவ்வொரு நாளும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தால் பெயர் கெடும். கேட்க வேண்டியதை ஒரே பட்டியலாக, முக்கியமானதை முதலில் வைத்துக் கேட்டுவிட வேண்டும். சரி என்று சொன்னதையெல்லாம் மெயிலிலோ ஆஃபர் லெட்டரிலோ எழுதி வாங்கிய பிறகே, பழைய வேலைக்கு ராஜினாமா கடிதம் போக வேண்டும்.

போனை எடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

1. இந்த ஆஃபர் இல்லை என்றால் அடுத்த வழி என்ன? அது எவ்வளவு உறுதியானது?

2. இதே வேலைக்கு வெளியே என்ன விலை? குறைந்தது மூன்று பேரிடம் விசாரித்தாகிவிட்டதா?

3. எதற்குக் கீழே போனால், "நன்றி, வேண்டாம்" என்று சொல்ல வேண்டும்? அந்த எண்ணை வீட்டில் பேசி, ஒரு தாளில் எழுதியாகிவிட்டதா?

4. கைக்கு வரும் மாதச் சம்பளம் எவ்வளவு? வேரியபிள், பி.எஃப், கிராஜுவிட்டி, நோட்டீஸ் பணம் எல்லாம் பிரித்துப் பார்த்தாகிவிட்டதா?

5. பணம் கிடைக்காவிட்டால், அதற்குப் பதிலாக வேறு எதைக் கேட்கலாம்?

ஐந்தில் மூன்றுக்கு மட்டுமே பதில் இருக்கிறது என்றால், ஹெச்.ஆர்-இடம் இரண்டு நாள் நேரம் கேட்பதில் தவறில்லை. "வீட்டுல பேசிட்டு சொல்றேன் மேடம்" என்ற ஒரு வரி போதும். அந்த இரண்டு நாளில் மீதி இரண்டுக்கும் பதில் தேடிவிடலாம்.